வரிக்கு எழுபது பென்ஸ்

கிரிம்ஸ்பியில் மீன் ஏலம் முடிந்த பிறகுதான்
என் கவுண்டருக்கு ஆள் வரும்.
விற்பனைக்கு ஒரு சைக்கிள்,
காணாமல் போன பூனை,
யாருக்கோ அறுபதாம் பிறந்தநாள்.
இரங்கல் என்றால் கோப்பை முன்னே தள்ளுவேன்.
எண் போட்ட செய்யுள்கள், நாற்பத்திரண்டு.
பதினாலாம் எண்ணில்
டியர்ஸ் விழுந்ததும் இயர்ஸ் வந்து நிற்கும்.
இருபத்தேழில் லவ் என்றால் அபவ்.
கண்ணீருக்கு வருடங்கள், அன்புக்கு மேலுலகம்,
டிக்கெட் பார்த்து உட்கார்ந்தவர்கள் போல.

மிஸ்டர் ஹாலம் கோப்பைத் திறக்கவில்லை.
ஹாடக் வகிரும் விரல்கள், இரண்டில் பிளாஸ்திரி.
கோட்டைப் பிடித்தபடி மகள், ஆறு வயதிருக்கும்.
சிகரெட் அட்டையைக் கிழித்து
அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரே வரி:
எங்களோடு இருந்தான் ஒரு மாதம்.
அவர் மொழியில் அது
மன்த் என்று முடிந்தது.
(அதுவும் பிப்ரவரி. மாதங்களில் குட்டை.)
"இதுக்கு ஒண்ணு பாருங்க.
கடைசியில சேரணும்."

இழுப்பறையில் இயைபு அகராதி,
தேநீர்க் கறையோடு.
மூன் கேட்டால் அரைப் பக்கம் கொடுக்கும்.
ட்ரீ கேட்டால் காடு.
மன்த்துக்கு
ஒரு தலைப்புகூட இல்லை.
நாக்கின் நுனி பல்லுக்கு வெளியே
ஒரு கணம் வந்து நிற்கும் அந்த ஒலி;
வந்து பார்த்தால் எதிரே யாருமில்லை.

சரி, கிட்டத்தட்ட சேர்வதைத் தேடலாம்.
ஃப்ரன்ட். பன்ச். ஸ்பன்ஜ்.
ஹன்ட்டை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டேன்.
லன்ச் என்றேன்;
மகள் என் சாண்ட்விச்சைப் பார்த்தாள்.
பாதியைக் கொடுத்தேன்.

"மாதத்தை வரியின் நடுவுக்கு நகர்த்தலாமே?
நடுவில் இருந்தால் எதனோடும் சேர வேண்டியதில்லை."
இருபது வருட அனுபவத்தில் சொன்னேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு வேன்
பின்னால் வரத் தெரியாமல் வந்துகொண்டிருந்தது.
"வேண்டாம்.
அவனுக்கு நடு என்று ஒன்று இல்லை."

பிறகுதான் வன்ஸ் கிடைத்தது.
ஒரே ஒரு முறை.
எங்கள் ஊர் வாயில் உயிரொலி அச்சாய்ப் பொருந்தும்.
கடைசியில் மட்டும் நாக்கு
அரை அங்குலம் உள்ளே போய்விடும்,
மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி.
எழுதிக் காட்டினேன்:
எங்களோடு இருந்தான் ஒரு மாதம்,
எங்களுக்கு நடந்தது அது, ஒரே ஒரு முறை.
அவர் உதடு அசைத்துப் படித்தார்.
மன்த். வன்ஸ்.
மன்த்.
"கிட்டதான்," என்றார்.
சட்டை வாங்க வந்து
தோள் இறுக்கமாக இருந்தால் சொல்வார்களே, அப்படி.

மகள் தாளை இழுத்தாள்.
ரொட்டித் துணுக்கு ஒட்டிய விரலை
ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள்.
முன்பற்கள் இரண்டும் இல்லை,
நாக்கு தடுப்பாரின்றி வெளியே வந்தது:
மன்த்,
வன்த்.

நாங்கள் இருவரும் பேசவில்லை.
"இன்னொரு தடவை படி, ட்ரேசி."
படித்தாள். வன்த்.
அகராதி போட்டவர் யாரோ,
அவருக்குப் பல் வரிசை முழுசாக இருந்திருக்கும்.

இரண்டு வரி, ஒன்று நாற்பது.
அவர் சில்லறையை எண்ணி வைத்தார்,
மீன் வாசனையுள்ள நாணயங்கள்.

சாயங்காலம் அச்சுக்கோர்க்கும் அறையிலிருந்து
நார்மன் போன் செய்தான்:
"ஹாலம் வீட்டு வரி சேரவே இல்லையே.
பதினாலைப் போட்டுவிடட்டுமா?
சனிக்கிழமை இடமிருக்கிறது,
நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்."

மாற்றாதே என்றேன்.
சனிக்கிழமையும் வேண்டாம், நாளைக்கே போடு.
மேல் ஈறில்
வெள்ளையாக ஏதோ தெரிந்தது.