சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்.
என் கணக்கில் அது இன்னும் கொஞ்சம் முற்றிவிட்டது.

பியூட்டிலிருந்து ஸ்போக்கேன்
முந்நூற்றுப் பதினைந்து மைல்.
போகவர என் கிழட்டு பியூக்
தொண்ணூறு டாலருக்குக் குடிக்கும்.
விடுதி இரண்டு இரவு, நூற்று ஐம்பத்தெட்டு.
(இதைவிட மலிவானதில்
ஒருமுறை தங்கி, சொறிந்தாயிற்று.)
சாப்பாடு அறுபது.
கண்காட்சி வாசலில்
புறங்கையில் முத்திரை குத்த மூன்று.
வெள்ளிக்கிழமை பள்ளிப் பேருந்துகளைக் கழுவாததால்
கைக்கு வராத கூலி நூற்று நான்கு.

மின்கட்டண உறையின் முதுகில் கூட்டினேன்.
நானூற்றுப் பதினைந்து.

வாங்கப்போவதோ ஓர் அரை டாலர்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று,
டென்வர் அக்கசாலை.
தேய்ந்ததற்கே இருநூற்று நாற்பது சொல்கிறார்கள்.
தபாலில் வரவழைத்தால் ஆறு டாலர்தான்,
வாசல்வரை வந்து கொடுத்துவிட்டுப் போவான்.

வரவழைத்தேன் ஒருமுறை.
படத்தில் நிலாத்துண்டு.
உறையைப் பிரித்தால்
புளிபோட்டுத் தேய்த்த குடத்தின் பளபளப்பு.
எண்பது வருடம் ஏறிய கறுப்பை
எவனோ ஒரே மாலையில் உரித்திருந்தான்.
கழுவுவது என் பிழைப்பு.
எதைக் கழுவக்கூடாது என்று எனக்குத் தெரியும்.
திருப்பி அனுப்பினேன்.
அதற்கும் ஆறு டாலர்.

ஆக, போகத்தான் வேண்டும்.
விளக்கடியில் பிடித்து
விளிம்பில் தொட்டு
சாய்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்று முறை போனேன்.
முதல்முறை, கலிஸ்பெல்காரர் கோய் டுசோ
தட்டில் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார்:
ஒரு மணி நேரம் முன்பு ஒரு பல் மருத்துவர்.
அடுத்தமுறை லுக்கவுட் கணவாயில் பனி.
செயின்ட் ரீஜிஸில் லாரிக்காரர்களோடு
இரண்டு நாள் பை தின்றுவிட்டுத் திரும்பினேன்.
மூன்றாவது முறை இருந்தது.
இருநூறுக்கே தருவதாகச் சொன்னார்கள்.
லென்ஸை வைத்தேன்:
யாரோ கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்டு,
பிறகு வேறு யாரோ
வெட்கப்பட்டு அடைத்திருந்தார்கள்.

அந்த நாணயத்தில் ஒரு பெண் நடக்கிறாள்.
கை நீட்டி, சூரியனைப் பார்த்து,
நூறு வருடமாக ஒரே எட்டு.
அவளுக்குப் பெட்ரோல் இல்லை, விடுதி இல்லை.
அட்டையில் செருகிவிட்டால்
அந்தக் காசு எங்கும் செல்லாது.
செல்வதெல்லாம் நான்.

நீல அட்டையில் ஒவ்வொரு குழிக்குக் கீழும்
பென்சிலில் உண்மை விலை எழுதியிருக்கிறேன்.
முப்பத்தெட்டாம் வருடத்தது: அறுபது,
மிசௌலா பயணத்தோடு நூற்றுப் பத்து.
நாற்பத்தாறு: பத்தொன்பது,
வெடித்த டயரோடு இருநூறு.
ஒன்று மட்டும் இனாம், ஆனால் அந்த வாரம்
எனக்குச் சளிக்காய்ச்சல்.

நேற்றிரவு காலிக் குழிக்குக் கீழே எழுதினேன்:
ஆயிரத்து இருநூறு, இதுவரை.
புத்தகத்திலேயே விலை உயர்ந்தது
இல்லாத காசு.

காலையில் பார்த்தால்
அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து.
டெல்லுடையது, கோழி கிறுக்கினதுபோல:
"மார்னி வீட்டில் இல்லாத இரவுகள், ஆறு."
எதிரே தொகை எழுதவில்லை.

வரவா, செலவா என்று கேட்டேன்.
நாயை வெளியே விட வேண்டும் என்று
எழுந்து போய்விட்டான்.
நாய் ஏற்கெனவே வெளியேதான் இருந்தது.

ஜன்னல்வழியே பார்த்தேன்.
முற்றத்தில் குந்தி
என் பியூக்கின் டயர்களை
ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.
நான்காவதிடம் கொஞ்சம் அதிக நேரம்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியாகிவிட்டது.
கணவாயில் பனி இல்லை என்கிறது வானொலி.
வானொலிக்கென்ன,
அது எங்கும் போகப்போவதில்லை.