இரண்டாம் சனி, எட்டு லிட்டர்

முனீஸ்வரன் கோவில் தெருவில்
பழம்பொருள் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை.
பர்மாத் தேக்குத் தூண்கள் உள்ளே படுத்திருக்கும்,
கழுத்தில் விலைச்சீட்டோடு.
மாதம் ஒரு சனிக்கிழமை
அவற்றை உருட்டி ஓரங்கட்டிவிட்டு
ஜாஸ் வாசிக்கிறார்கள்.

கடைக்காரர் இடம் தருவார்,
மீட்டரைத் தொட விடமாட்டார்.
அதனால் நான்.
அடைக்கலம் ஜெனரேட்டர்ஸ், செஞ்சை, காரைக்குடி.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்
எல்லாவற்றையும் டீசலால் அளப்பவன்.
ஒரு பட்டிமன்றம் பதினொரு லிட்டர்.
இவர்கள் எட்டு.

சாக்ஸபோன் உமையாள்
பகலெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீஸில்
இறந்தவர்களின் பாலிசியைப் பைசல் செய்கிறவர்.
இருதயராஜ் தன் ஆளுயர பேஸை
தேவகோட்டையிலிருந்து மினி வேனில் படுக்கப்போட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார்,
பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது மாதிரி.
டிரம்ஸ் டெரிக்: பொன்மலைப் பட்டறையில் முப்பது வருஷம்.
"ரயிலே ஸ்விங்தான்" என்பார்,
அதற்கு மேல் விளக்கம் கிடையாது.
கீபோர்டுக்குச் சென்னைப் பையன் ஒருவன்;
பல்லவன் எப்போது வருகிறதோ
அப்போதுதான் அவனும்.

டிக்கெட் இருநூறு. வந்தவர்கள் பதினொரு பேர்.
என் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும்:
சில நோட்டுகள் டெரிக்கின் சட்டைப்பை மடிப்போடு வரும்.

முதல் மாதம் வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.
பாட்டு ஆரம்பித்தது, பிடிபட்டது.
பிறகு ஆளுக்கு ஆள் அதைக் கழற்றி
பாகம் பாகமாய்த் தரையில் பரப்பினார்கள்.
என்ஜினைக் கழற்றிப் பூட்டினால்
எப்போதும் ஒரு போல்ட் மிஞ்சும் எனக்கு.
இவர்களுக்கு மிஞ்சவில்லை.
அல்லது
மிஞ்சியதைத்தான் வாசித்தார்களோ.

மூன்றாம் மாதம் இருதயராஜ் வெளியே வந்து
மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.
"இது ஜி-யில பாடுது, தெரியுமா?
ஒரு நூல் கூட."
அன்றிலிருந்து அவர் கம்பி முறுக்குவதற்கு முன்
எனக்கு ஒரு சைகை வரும்: ஓட்டு.

போன சனி.
பாதிப் பாட்டில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் நுழைந்து
டெரிக் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு விலை கேட்டார்.
கடைக்காரர் சொன்னார்.
அவர் பணத்தை எண்ணினார்.
டெரிக் எழுந்துகொண்டார், குச்சிகள் நிற்கவில்லை.
முக்காலி அவருக்கடியிலிருந்து வெளியே போனது,
தாளத்தில் ஒரு கீறல் இல்லாமல்.
நான் சிரித்தேன். அப்புறம் கேட்டேன்.
கேட்டுக்கொண்டே இருந்ததில்
டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்க்க மறந்தேன்.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மெஷின் இருமியது. நின்றது.
விளக்கு போனது, மைக் போனது,
பையனின் கீபோர்டு நடு வார்த்தையில் ஊமையானது.
அந்த இருட்டில்
நான் விட்ட ஜி-யை இருதயராஜ் எடுத்துக்கொண்டார்.
ஒரே கம்பி, ஒரே விரல்.
உமையாள் மைக்கை விட்டு நடந்து
எனாமல் தட்டுகள் அடுக்கிய அலமாரி முன் நின்று ஊதினார்.
நூறு தட்டும் மெல்ல நடுங்கின.
அலமாரியைத் தாளமாக்கிக்கொண்டான் பையன்.
பதினொரு பேரில் ஒருவரும் டார்ச் அடிக்கவில்லை.

டீசல் வறண்டால் குழாயில் காற்றுப் பூட்டிக்கொள்ளும்.
நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கி
சொட்டாக வரும்வரை விடவேண்டும்.
ஸ்பானர் இரண்டு முறை நழுவியது.
கயிற்றைச் சுற்றி நிமிர்ந்தபோது
டெரிக் வாசல் பக்கம் பார்த்தார்.
குச்சியை உயர்த்தினார்:
இப்ப இல்ல.
இப்ப இல்ல.
ஒன்னு,
ரெண்டு,
மூனு,

இழுத்தேன்.

பிறகு, ஒயரைச் சுருட்டும்போது
தோளில் தட்டிச் சொன்னார்:
"ஒரு அடி லேட்டு, அடைக்கலம்.
அடுத்த மாசம் சரியா வாங்க."