சேமீ

சம்மாந்துறை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே என் கடை.
பழைய கணினி. அதில்
பெரிய மென்பொருளோடு கோபித்துப் பிரிந்த
சின்னக் கிளையொன்று.
பன்னிரண்டு வருடமாய் அதை யாரும் எழுதுவதில்லை.

'சேமி'யைச் 'சேமீ' என்று தமிழாக்கியவர்
க. நிர்த்தனன். எந்த ஊரோ.
ஒரு நெடில் அதிகம்;
திருத்த அவருக்கு அடுத்த பதிப்புக் கிடைக்கவில்லை.

காலையில் ஆதம்லெவ்வை வட்டவிதானை வந்தார்.
தண்ணீர் முறைப் பட்டியல், நாற்பத்தொரு பேர்.
மகள் புதியதில் திறந்தாளாம்:
மொஹிதீன்பாவாவின் கொம்பு ஒரு பக்கம்,
மகரம் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிகளாலான வெற்று வட்டம்.
"கமநல சேவையில கேக்காங்க தங்கச்சி,
இது ஆரெண்டு."

என் திரையில் மனுசன் முழுசாய் எழுந்து நின்றார்.
வட்டையின் கடைசி வயல் அவருடையது,
தண்ணீர் எப்போதும் பிந்தித்தான் போகும்.

'புதிய பதிப்பு உண்டா' என்ற பொத்தானை
இடைக்கிடை அழுத்திப் பார்ப்பேன்.
மணற்கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து
ஒன்றும் சொல்லாமல் நிற்கும்.

மூடும்போது கேட்டது: சேமீ?
சேமீத்தேன்.
நாலு பிரதி அவருக்கு.
ஐந்தாவதைக் கேட்காமலே எடுத்து
லாச்சிக்குள் வைத்தேன்.