வாயைத் திற

மருதானையில் எனக்குக் கட்டுப்பல் கடை.
பலகையில் அப்பா எழுதிய சீன எழுத்து
எனக்கு வெறும் படம்.

துறைமுக நகரத்துக் கிரேன்காரன் ஒருவன்
அதை வாசித்துவிட்டு உள்ளே வந்தான்,
கன்னம் வீங்கி,
அடைமழையாய்க் கதைத்தபடி.

நான் தமிழில் விழித்தேன்.
சிங்களத்தில் தலையாட்டினேன்.
இந்த முகத்தை வைத்துக்கொண்டா
என்பதுபோல் பார்த்தான்.

காலையில்தான் தெமட்டகொடை பஸ்ஸில்
கொண்டக்டர் எனக்கு
ஆங்கிலத்தில் மிச்சக்காசு தந்தான்.
பிறந்தது காசல் வீதி ஆஸ்பத்திரி;
பிரஜாவுரிமை வந்தது
நாற்பத்திரண்டாம் வயதில்.

என் பால்பல்லைப் பிடுங்க
அப்பா சொன்ன இரண்டு சொல்,
என் சீனம் அவ்வளவுதான்,
சொன்னேன்.

சிரித்துவிட்டான்.
"எங்கள் ஊர்க் கிழவர்கள்கூட
இப்படிப் பேசுவதில்லை"
என்றது அவன் கைபேசி,
செய்தி வாசிக்கும் தமிழில்.

பிறகு திறந்தான்.
கீழ்க் கடைவாய், இடப்பக்கம்.