பதினோரு அங்குலம்

ஏப்ரல் பதினைந்துக்குள் முன்பணம் கட்டினால்தான்
டிசம்பரில் வண்டி.
ரெவல்ஸ்டோக் கடையில் டுவைட்
படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறான்.
நிறம் எழுதியாயிற்று.
டர்போ, ஆம்.
கைப்பிடிக்குச் சூடு, ஆம்.
ஒரு கட்டம் மட்டும் காலி:
பட்டையின் நீளம்.

நூற்று ஐம்பத்து நான்கா,
நூற்று அறுபத்தைந்தா.

நடுவே பதினோரு அங்குலம்.
என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
அவ்வளவுதான் இருக்கும்.

பழைய வண்டிக்கு நூற்று நாற்பத்தாறு, டர்போ கிடையாது.
இரண்டாயிரம் மீட்டர் தாண்டினால்
மூட்டையோடு நாலு மாடி ஏறியவன் மாதிரி
நின்று நின்று இருமும்.
இது அப்படி இல்லையாம்.
மெலிந்த காற்றையும் வளைத்துப் பிடித்து
எஞ்சினுக்குள் திணித்துவிடுமாம்.
"இவ்வளவு பலத்தைக் குட்டைப் பட்டையில் இறக்கினால்
அது ஓடாது, தோண்டும்"
என்கிறான் டுவைட்.

தோண்டுவது எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் ஓர் ஓடைப் பள்ளம்.
விசையை அழுத்த அழுத்த
வண்டி தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டது.
மூன்றரை மணி நேரம் அலுமினிய மண்வாரி,
உள்ளாடை வரை வியர்வை, பிறகு அதே வியர்வை பனிக்கட்டி.
மேலே விளிம்பில் ஹாலினா
தன் நூற்று அறுபத்தைந்தின் மீது உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
இறங்கி வந்தாள், தோண்டினாள், மறுக்கவில்லை.
ஆரஞ்சு முடிந்த பிறகு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
பனியில் ஆழம் தெரிந்து
யார் எப்போது காலை விட்டது?

அவள் ஐம்பத்திரண்டு கிலோ.
நான் பூட்ஸ், பை, மண்வாரியோடு தொண்ணூறு.
"நீளமானது மிதக்கும், வாங்கு" என்றாள்.
பிறகு, நேர்மையாகவே,
"ஆனால் மரங்களுக்குள் திருப்பும்போது அது பஸ்.
அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், மேலே போவது.
உனக்கு?"

எனக்கு மரங்கள்தான்.
ஃபர் மரங்களின் நடுவே வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து,
ஒரு ஸ்கீ ஆகாயத்தில், ஒரு கால் பனியில்,
இடுப்பு நினைத்ததை வண்டி செய்யும் அந்த
இரண்டு வினாடி.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்றும் உண்டு.
அன்று நான் சிக்காமல் இருந்திருந்தால்
முகட்டுக்குக் கீழே சரிவில் இருந்திருப்போம்.
இரண்டேகால் மணிக்கு அது கழன்றது.
சத்தத்துக்கு முன்னால் காற்று வந்தது.
வெகுநேரம் இருவரும்
மண்வாரியைப் பிடித்தபடி நின்றோம்.

குட்டைப் பட்டை காப்பாற்றியது என்று
மதுக்கடையில் சொல்லிப் பார்த்தேன்.
சொல்லும்போதே வாய் கூசியது.
சிக்கியது என் அவசரம்.
இறங்கியது மலையின் வேலை.
நான்தான் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறேன்,
இந்தக் கட்டத்தை நிரப்ப.

எம்ரிஸைப் போனில் கூப்பிடுகிறேன்.
கராஜை அளந்து பார்க்கச் சொல்கிறேன்.
டேப் விறைத்துச் சுருளும் ஓசை.
"நூற்று அறுபத்தைந்து என்றால்
கதவு மூட நாலு விரல் குறையும்."
உறைபெட்டியை நகர்த்தினால்?
"பாதி மூஸ் இருக்கிறது அதற்குள்."
கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை.

ஒன்று என்று எழுதுகிறேன்.
அது இரண்டுக்கும் பொது.
டுவைட் பேனா முனையையே பார்க்கிறான்.
வெளியே கூரையிலிருந்து
ஈரப் பனி ஒரு பாளமாக வழுக்கி விழ,
கடையில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து,
மறுபடி குனிகிறார்கள்.

ஆறு.

போன் இன்னும் காதில்தான்.
சிமென்ட் தரையில்
கனமான எதையோ
இழுக்கிற சத்தம்.