நாலும் சில்லறையும்

கொஷித்சே நகரில் ஜனவரி.
இரவு இரண்டரை.
நான் குளிர் ஊற்றுபவள்.
ஹீலியக் குடுவையை உருட்டி வந்து
குழாயைச் செருகி
வெண்புகை அடங்கும்வரை
கையுறைக்குள் விரல்களை எண்ணிக்கொண்டு நிற்பேன்.
படிகத்தைப் பற்றிப் பேச எனக்குச் சம்பளம் இல்லை.

படிகம் ஒரு பயறளவு, வெளிறிய தேன் நிறம்.
உள்ளே நான்கு முனைக் கூடுகள்,
முனைக்கொரு காந்த ஊசி.
இரண்டு உள்ளே பார்க்க வேண்டும், இரண்டு வெளியே.
எந்த இரண்டு என்று சட்டம் சொல்லவில்லை.
ஆறு வழி; ஆறும் ஒரே விலை.
ஒவ்வோர் ஊசியும் இரண்டு கூட்டுக்குப் பொது.
இங்கே தீர்த்தது அங்கே பாக்கி.

ஆய்வு மாணவன் பிஸ்த்ரீக்
படிப்படியாய்ச் சூடேற்றி
ஒவ்வொரு படியிலும் அது குடித்த வெப்பத்தை
வெப்பநிலையால் வகுத்துக் கூட்டினான்.
ஐந்தே முக்கால் வர வேண்டும்.
நாலும் சில்லறையும் வந்தது.
கணக்கு உதைக்கிறது என்றான்
(அவன் சொன்னது வேறு சொல்; எனக்குக் கேட்டது அது).
பசையின் வெப்பத்தைக் கழித்தான்,
கம்பியின் வெப்பத்தைக் கழித்தான்,
தன்மேலேயே சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து.
குறைந்தது குறைந்தபடியே.

இங்கே வருமுன் நான்
இரும்பாலையில் பதினோரு ஆண்டு, கணக்குப் பிரிவு.
ஒரு டிசம்பரில்
கிடங்கில் கம்பிச் சுருள் பதினேழு குறைந்தது.
காப்பாளர் இம்ரிக்
தொப்பியைக் கையில் பிடித்தபடி
எங்களோடு இரண்டு வாரம் தேடினார்.
எடுத்தாரா இல்லையா, இன்றும் தெரியாது.
குறைவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.
அவர் பெயர் பக்கத்தில் இருந்தது.
பேரேட்டின் அடியில் நானும் ஒப்பமிட்டேன்,
நீல மையில், அழகான எழுத்தில்.

மூன்றரைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்:
"காணாமல் போகவில்லை, ப்ளாஷெனா.
குளிர்ந்தபோது வெளியே வரவே இல்லை.
எப்படி நிற்பதென்று முடிவாகாமல்
ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு
உள்ளேயே தங்கிவிட்டது.
பனிக்கட்டிக்கும் இதே கணக்குதான்,
வெறும் தண்ணீர்ப் பனிக்கட்டிக்கு."
சிரித்தான்.
அவனுக்கு இது நல்ல செய்தி; கட்டுரை வரும்.

நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல்லாரும் சட்டப்படி நின்ற பிறகும்
ஒழுங்கு வராமல் போகலாம் என்று
அந்த டிசம்பரில் யாராவது
இல்லை.
கம்பிச் சுருள் ஊசி இல்லை.
பதினேழும் எவர் தோட்டத்திலோ
வேலியாய் நிற்கக்கூடும்.
ஆனாலும் அந்தத் தொப்பியின் ஓரம்
விரல்பட்டுப் பளபளத்தது ஞாபகம் இருக்கிறது.

காலை ஆறு மணி.
என் பழைய ஷ்கோடாவின் முன்கண்ணாடி
முழுக்க உறைந்திருந்தது.
உள்ளங்கை அளவுக்குச் சுரண்டிவிட்டு
உள்ளே ஏறி
எஞ்சின் சூட்டில் மீதி இளக உட்கார்ந்திருந்தேன்.
உருகும்போதாவது அது வெளியே வருமா என்று
அவனிடம் கேட்க மறந்துவிட்டேன்.