எரிக்காத வீடு

ஜூலையில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
கடைசிக் கட்டை என்று ஓங்கினேன்.
உல்மோ மரம் பிளந்தது.
உள்ளே மரம் இல்லை, பாசி.
பாசியைச் சுற்றி மூங்கில் இலைகள்,
மழை வழிந்தோட ஓடு வேய்ந்ததுபோல்
ஒன்றன்மேல் ஒன்று.
கோடரி ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருக்கிறது.
அந்த விரற்கடையை நினைத்தால்
இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

நான்கு.
ஒன்றின் வாலுக்குள் இன்னொன்றின் மூக்கு.
கண்ணைச் சுற்றி, அழுது கரைந்த மைபோலக் கறுப்பு.
வாலின் அடி மட்டும் பருத்திருந்தது;
கோடை முழுக்கத் தின்றதை
அங்கே முடிந்து வைத்திருந்தன.
கையில் எடுத்தேன்.
ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லின் குளிர்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓத்திலியா கத்தினாள்:
"உள்ளே கொண்டுபோய்விடாதே, நோல்ஃபா!
மலைக்குரங்கு படியேறின வீட்டை
எரித்தாக வேண்டும்.
என் மாமனாரின் பெரியப்பா எரித்தார்.
கட்டில், கோழிக்கூண்டு,
கல்யாணப் போட்டோ எல்லாம்."
ஓத்திலியா பொய் சொல்கிறவள் இல்லை.
எனக்கோ வீட்டுக்கடன்
இன்னும் பதினோரு வருஷம் பாக்கி.

உள்ளே அடுப்பு கனன்றது.
கம்பளிக் குல்லாயில் போட்டு
அடுப்படியில் வைக்கத்தான் கை போனது.
என்னவோ தோன்றி வால்திவியாவுக்குப் போன் செய்தேன்,
எங்கள் மரங்களில் பெட்டி மாட்டிவிட்டுப் போன
பல்கலைக்கழகத்துப் பையனுக்கு.
எலெயாசர் ஏதோ தின்றுகொண்டிருந்தான்.
நான் சொல்லச் சொல்ல மெல்லும் சத்தம் நின்றது.

"சூடு காட்டாதீர்கள்.
விழித்தால் வாலைச் செலவழிக்கும்.
வால் தீர்ந்துபோனால் அதற்கு வசந்தம் கிடையாது."

மூச்சே இல்லையே என்றேன்.
"இருக்கும். அடுத்ததற்கு அவசரமில்லை, அவ்வளவுதான்."
சேர்ந்து படுத்தால்
ஆளுக்குக் கொஞ்சம் குறைவாகவே குளிரும் என்றான்.
சொந்தமா அன்னியமா என்றெல்லாம்
எப்போதும் பார்ப்பதில்லையாம்.

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை.
பையில் குட்டி சுமக்கும் சாதி.
இந்தக் கண்டத்து உறவினரைவிடக்
கடலுக்கு அப்பால் குதிக்கிற கங்காருதான்
இதற்கு நெருங்கிய சொந்தமாம்.
தென்துருவம் காடாக இருந்த காலத்தில்
அந்தக் காட்டு வழியே போனவர்கள் போனார்கள்.
பின்னால் தரை பிளந்தது,
கடல் புகுந்தது, பனி மூடியது.
நான் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்போதும்
இதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான்
விழுந்திருக்கிறது.

இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பி சுற்றினேன்.
விறகுக் கொட்டகையின் தெற்கு மூலையில்,
வெயில் எட்டாத இடத்தில் வைத்தேன்.
அன்றிரவு உறைபனி.
சால்மன் பண்ணையில் அவருக்குப் பதினான்கு நாள் வேலை;
குளிர்காலத்தில் நானும் இரண்டு பிள்ளைகளும்
ஒரே கட்டில்தான். விறகு மிச்சம்.
சின்னவளின் குளிர்ந்த பாதம்
என் வயிற்றைத் தேடி வந்தபோது
எழுந்துபோய் அவற்றைத் தூக்கிவரத் துடித்தேன்.
எழவில்லை.
நல்லது செய்கிறேன் என்று
இவ்வளவு குரூரமாக நான் படுத்திருந்ததில்லை.

அக்டோபரில் கம்பியை அவிழ்த்தேன்.
பாசியில் மூன்று பள்ளங்கள்.
நான்காவது அங்கேயே இருந்தது,
இந்த முறை கல்லேதான்.
வால் நூலாக மெலிந்திருந்தது.
மாக்கிச் செடியடியில் புதைத்தேன்.
எலெயாசரிடம் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி.
அதே மாக்கியின் கிளையில்
பசையாய் ஒட்டிய விதைகள், மணி கோத்த மாதிரி.
கின்த்ரால் புல்லுருவி.
அதன் பச்சைப் பழத்தை விழுங்கி
இப்படிக் கிளையில் நட்டுவிட்டுப் போக
இந்தக் காட்டில் வேறு ஆள் இல்லை.
வேர்விட்டுப் பூத்தால் சிவப்பாகப் பூக்கும், அதுவும் குளிர்காலத்தில்.
அப்போது தேன்சிட்டுக்கு வேறு கதி கிடையாது.
செடிக்குப் பாரம்தான். வெட்டவில்லை.

மே மாத முதல் மழையில்
ஓத்திலியா தள்ளுவண்டியோடு வந்தாள்.
அவள் விறகெல்லாம் நனைந்துவிட்டதாம்.
வேண்டியதை எடுத்துக்கொள் என்றேன்.
தெற்கு மூலைக் கட்டைமேல் கை வைத்தாள்.

அது ஈரம், எரியாது என்றேன்.